மஞ்சள் அட்டைக் குட்டிகள்

எலி வளர்க்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். உலகமே எலியை ஒழிக்கக் காசு செலவழித்துக்கொண்டிருக்கிறது. இங்கே என்னடாவென்றால் அதற்கு மரத்தூளில் மெத்தை போட்டு, பாட்டிலில் தண்ணீர் கட்டி, குளிருமோ புழுங்குமோ என்று சுவரில் வெப்பமானி வேறு மாட்டி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டடத்தில் இருந்த எலிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அங்கிருந்த ஆராய்ச்சி மாணவி அவளுக்கு எலியக்கா என்று பெயர் வைத்தாள். அவளும் சும்மா விடவில்லை. எந்நேரமும் கழுத்தில் ஒரு நேரமானியைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாளைக்குத் தனக்கே பிள்ளை பிறந்தாலும் எத்தனையாவது வினாடியில் அழுதது என்று குறித்துக்கொள்ளக்கூடிய அந்தப் பெண்ணுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பதிலுக்குப் பெயர் வைத்தாள். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

அதற்கு முன்னால் எலியக்கா பார்த்த வேலை, கணவரின் ரிப்பேர் கடையில். டிவி, ரேடியோ, ஃபேன் என்று கெட்டுப்போன எதையும் அங்கே கொண்டுவரலாம். கணவர் கோளாறைக் கண்டுபிடிப்பார், இவள் பற்றவைப்பாள். சால்டரிங் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வலது கையில் சூடான கோல், இடது கையில் போர்டு, ஈயக்கம்பி பல்லிடுக்கில். தலையை லேசாகச் சாய்த்துக் கம்பியின் நுனியை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்பாள். மணி மணியாக ஈயம் உட்காரும்.

“இவளுக்கு மூணு கைங்க. மூணாவது கை வாயி” என்று கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். “அந்தக் கை வேலையில இருக்குற வரைக்கும்தான் கடை அமைதியா இருக்கும்” என்று கூடவே ஒரு குத்தும் குத்துவார்.

மகள் வயிற்றில் இருந்த மாதங்கள் பூராவும் அவள் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டைக்கூடக் கம்பித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அங்கேயேதான் சாப்பிட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அவள் திரும்பி வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம் என்பதற்காகத்தான் எலிக்கூட வேலைக்கு மாறினாள்.

மகளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறக்கும்போதே எடை குறைவு. ஏழு வயதாகியும் உயரப்படி நிற்கச் சொன்னால் வகுப்பில் முதல் ஆள் அவள்தான். ஒரு சட்டை எடுத்தால் இரண்டு வருடத்துக்குத் தாங்கும் என்பதில் அப்பாவுக்கு ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷம். வாய் மட்டும் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அந்த வாய் அப்படியே அடைத்துப்போகும். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டால் சொல்லிவிடுவாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் இரண்டாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். காலையில் படித்தது சாயங்காலம் இருக்காது.

வகுப்பாசிரியை நல்ல மனுஷி. ஒரு நாள் எலியக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “வருஷக் கடைசிக்குள்ள அவ தானா நாலு வார்த்தை வாசிக்கணும்மா. இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புலதான் உக்கார வெக்கணும். கூடப் படிச்சதுங்கல்லாம் மேல போயிடும். இது மனசு விட்டுடும், அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

எலியக்காவுக்கும் அதே பயம்தான். ஆனாலும் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம், நம்முடையது கொஞ்சம் நிதானம் என்று அதுவரை தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆறுதலும் ஒரு நாள் போயிற்று.

அன்றைக்குப் புது மாணவர்கள் கொஞ்சம் பேர் எலிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். பேராசிரியர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தாலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிற அம்மா அவர். எலியக்கா மூலையில் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த எலிகளெல்லாம் ஏதோ எலி மருந்தைச் சோதிப்பதற்கு என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். கேட்டால் பாவமாகிவிடும் என்று கேட்டதில்லை.

“இந்தக் குட்டிங்க எதுவும் ஈயத்தைக் கண்ணால பார்த்தது கிடையாது” என்றார் பேராசிரியர். “இதுங்களோட அம்மாக்கள்ல பாதிப் பேருக்கு, குட்டி வயித்துல இருந்தப்ப, குடிக்கிற தண்ணியில கொஞ்சூண்டு ஈயம் கலந்து குடுத்தோம். அம்மா உடம்புல போனது குட்டிக்கும் போயிடும். பொறந்த பிறகு குட்டிங்க எப்படி வளருது, எப்படிக் கத்துக்குதுன்னு பார்க்கிறோம். ஒரு கூட்டத்தோட கூண்டுல மஞ்சள் அட்டை மாட்டியிருக்கு, இன்னொண்ணுல நீல அட்டை. எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நேரம் குறிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா, அவங்க அறியாமலே கை ஒரு பக்கம் சாயும்.”

“மனுஷங்களுக்கும் இப்படி ஆகுமா மேடம்?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“ஆகலாம். குழந்தை எடை குறைவாப் பொறக்கலாம், படிப்பு மெதுவா வரலாம். எல்லாருக்கும் ஒரே அளவு இல்ல. பழைய பெயிண்ட்டைச் சுரண்டுறவங்க, பேட்டரி உடைக்கிறவங்க, சால்டரிங் பண்றவங்க, இவங்கல்லாம் கர்ப்பமா இருக்கும்போது ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.”

எலியக்கா பாட்டில் கழுவுவதை நிறுத்தினாள். நாக்கு தானாகப் போய்ப் பல்லிடுக்கைத் தடவியது. கம்பியின் அந்த மந்தமான ருசி இன்னும் அங்கேயே இருப்பதுபோல் இருந்தது. எத்தனை நாள் அந்தக் கம்பியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்போது கம்பியைப் பல்லில் வைத்தபடியே சிரித்திருக்கிறாள். என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“கம்பியை எடுத்து உன் கையில குடுத்தவன் நான்தானே” என்றார் கடைசியில். “உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ மட்டும் தனியா அழாத.”

மறுநாள் கடையைத் திறந்து ரிப்பேர் எதையும் தொடவில்லை. மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்தார். ஈயம் கலக்காத கம்பி வாங்கி வைத்தார். மேசையில் சாப்பிடுவதற்குத் தடை விதித்தார். கடைச் சட்டை கடையிலேயே தொங்க வேண்டும் என்று தனக்குத்தானே சட்டமும் போட்டுக்கொண்டார். அதிலிருந்து அவர் வீட்டுக்குள் வருவது ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டர் நுழைவது மாதிரி ஆகிவிட்டது. கை கழுவாமல் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது வீட்டின் முதல் விதி. அந்த விதியை ஊர்க்காவல் அதிகாரி மாதிரி நடைமுறைப்படுத்தியவள் பொடிசு. விருந்தாளிகளைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

இனிமேல் செய்ய வேண்டியதெல்லாம் சரி. ஏற்கெனவே ஆனதுக்கு என்ன செய்வது? பேராசிரியரிடம் கேட்க எலியக்காவுக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டால்? அதனால் அவள் எலிகளிடம் கேட்க ஆரம்பித்தாள்.

எது எந்தக் கூட்டம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. நீல அட்டைக் குட்டிகள் கொழுகொழுவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்க்களம் பண்ணின. மஞ்சள் அட்டைக் குட்டிகள் பொடிப்பொடியாக, கூண்டின் ஒரு ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தன. உயரப்படி நிற்கச் சொன்னால் எல்லாமே முதல் ஆள்தான். பார்த்தவுடனே அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

எலிக்கூடத்தின் சட்டம் கறாரானது. எல்லாக் கூண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மரத்தூள், தீனி, தண்ணீர், அவ்வளவுதான். எடை பார்க்கும் நாள் தவிர யாரும் குட்டிகளைத் தூக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. எலியக்கா இந்தச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்வாள். அதைக் காப்பாற்றியும் வந்தாள், நீல அட்டைக் கூண்டுகளில்.

மஞ்சள் அட்டைக் கூண்டுகளுக்கு வேறு கணக்கு நடந்தது. காலையில் ஸ்டாப்வாட்ச் வருவதற்கு முன்னால் வந்துவிடுவாள். காகிதச் சுருள் தீர்ந்துபோனால் நடுவில் மிஞ்சும் அட்டைக் குழாய்களை வீட்டிலிருந்து சேர்த்துக் கொண்டுவருவாள். தீப்பெட்டி, நூல் சுற்றிய மரக்கட்டை, முட்டை வாங்கிய அட்டை என்று ஒரு பொம்மைக் கடையே அவளுடைய மேலங்கிப் பைக்குள் இருந்தது. கணவர் ஆசையாக ஒரு காலி ஈயக்கம்பி உருளையை நீட்டியபோது, “அதை எட்டப் போடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் உருளையை ஜன்னல் வழியாக எறியப் பார்த்தார்.

குழாய்க்குள் ஒரு சூரியகாந்தி விதையை ஒளித்து வைப்பாள். முதலில் குட்டிகள் மிரண்டன. பிறகு ஒன்று மூக்கை நீட்டியது. பிறகு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தேட ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் பொம்மைக் கடை மறுபடி பைக்குள் போய்விடும். ஸ்டாப்வாட்ச் உள்ளே வரும்போது எல்லாக் கூண்டும் ஒரே மாதிரி, எலியக்காவின் முகம் பச்சைக் குழந்தை மாதிரி.

குட்டிகள் விதையைத் தேடி மோப்பம் பிடித்து அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவளுக்குப் பொறி தட்டியது. புத்தகத்தைக் கண்டால் ஓரத்தில் ஒடுங்கும் இன்னொரு குட்டி வீட்டில் இருக்கிறதே!

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தாள். வீட்டில் உள்ள பொருட்களின் பெயரைத் தாள் துண்டுகளில் பெரிதாக எழுதினாள். தலையணை, வாளி, அலமாரி, கதவு. பொடிசு குளிக்கும் நேரத்தில் தலையணைக்கு அடியில் ஒரு பிடி வறுத்த விதையை வைத்துவிட்டு, ‘தலையணை’ என்ற தாளை அவளிடம் கொடுத்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கோ அதுக்குக் கீழ ஒரு பரிசு இருக்கு. வாசிச்சா உனக்கு. இல்லேன்னா அப்பாவுக்கு.”

“அப்பாவுக்கா!” என்று பொடிசு அலறினாள். அப்பாவுக்குத் தின்பண்டம் போவதைவிடப் பெரிய அநியாயம் அவளுக்குத் தெரியாது.

முதல் நாள் அப்பாதான் தின்றார். இரண்டாம் நாளும் அவரே தின்றார். வேண்டுமென்றே சப்புக்கொட்டித் தின்றார். மூன்றாம் நாள் பொடிசு தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, வாளியா வாசலா என்று இரண்டுக்கும் நடுவில் ஓடி, கடைசியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். வீடு முழுக்கத் தண்ணீர். விதை நனைந்துபோயிருந்தது. நனைந்த விதையை அவள் தின்ற ருசியை எந்த விருந்திலும் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் வீடே பெயர்ப்பலகையாக மாறியது. பொடிசு தானே பார்த்து எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். எழுத்தில் கால் இருக்காது, கொம்பு திரும்பியிருக்கும். ஆனாலும் ஒட்டினாள். ஒரு நாள் கணவர் முதுகில் ‘அப்பா’ என்ற தாளோடு கடைக்குப் போய்விட்டார். அன்று முழுக்க வந்தவர்களெல்லாம் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். தனக்கு ஏன் திடீரென்று இவ்வளவு மரியாதை என்று புரியாமல் அவர் பூரித்துப்போய் ரெண்டு பேருக்கு இலவசமாக ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வீட்டில் வாசித்தவள் பள்ளியில் வாசிக்கவில்லை. புத்தகம் வந்தால் பழைய கதைதான். விளையாட்டில் வருவது படிப்பில் சேர்த்தியா இல்லையா என்று எலியக்காவுக்கு விளங்கவில்லை. வருடக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குட்டிகளுக்குப் பரீட்சை வந்தது. மரத்தில் செய்த ஒரு அகலமான பெட்டி. உள்ளே தடுப்பு தடுப்பாகச் சந்துகள், பாதி முட்டுச்சந்து. ஒரு முனையில் குட்டியை விடுவார்கள், மறு முனையில் பிஸ்கட் துண்டு இருக்கும். முதல் நாள் எந்தக் குட்டியும் தடுமாறத்தான் செய்யும். நாள் போகப்போக யார் வழியை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பரீட்சை. ஸ்டாப்வாட்ச் நேரமானியும் கையுமாக உட்கார்ந்தாள். எலியக்கா தரையைத் துடைக்கிற சாக்கில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

மஞ்சள் குட்டி ஒன்று முட்டுச்சந்தில் போய் நின்றால் அவளுக்கு மூச்சு முட்டும். அது திரும்பி வந்து சரியான சந்தில் நுழைந்தால், “அப்படித்தான்டி தங்கம்” என்று துடைப்பத்திடம் சொல்லிக்கொள்வாள். நாளுக்கு நாள் மஞ்சள் குட்டிகள் வேகமெடுத்தன. கடைசி நாளில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எலியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

சிரிப்பு மறுநாள் வரைக்கும்தான் நீடித்தது. பேராசிரியர் எது எந்தக் கூட்டம் என்று ஸ்டாப்வாட்சிடம் சொல்லி, எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எலிக்கூடத்துக்கு வந்தார்.

“மஞ்சள்தான் ஈயக் கூட்டம். எடை நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா கத்துக்கறதுல ஒரு குறையும் இல்லையாம். இது எப்படி?”

“நான் சரியாத்தான் நேரம் எடுத்தேன் மேடம்” என்றாள் ஸ்டாப்வாட்ச். அவளுடைய படிப்பே இந்த எலிகளின் கால்களில்தான் நின்றது.

“உன்னைச் சொல்லல.” பேராசிரியர் நீல அட்டைக் கூண்டு ஒன்றின் மூடியைத் திறந்தார். குட்டிகள் வெடுக்கென்று பின்வாங்கி மூலைக்கு ஓடின. புது ஆளைக் கண்டால் எலி அதைத்தான் செய்யும். பிறகு மஞ்சள் அட்டைக் கூண்டைத் திறந்தார். அவ்வளவு குட்டியும் முன்னால் ஓடிவந்து, பின்னங்காலில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை நீட்டின. அதுவும் பேராசிரியரைப் பார்த்து அல்ல. அவருக்குப் பின்னால் நின்ற எலியக்காவின் மேலங்கிப் பையைப் பார்த்து.

பேராசிரியரும் திரும்பி அந்தப் பையைப் பார்த்தார். ஓர் அட்டைக் குழாய் பாதி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

எலியக்கா திருதிருவென்று விழித்தாள். பொய் சொல்லலாம் என்றால் சாட்சிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. குழாய், தீப்பெட்டி, நூல்கட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். விதைகள் தரையில் சிதறின.

“எத்தனை நாளா?” என்றார் பேராசிரியர்.

“கண்ணு திறந்ததுலேருந்து மேடம்.”

“இது என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பொண்ணோட உழைப்பு அத்தனையும் போச்சு. எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். சட்டம் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சும் ஏன் பண்ணீங்க?”

“சின்னதா இருந்துச்சு” என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பல்லில் கடித்த கம்பியைச் சொன்னாள். பொடிசைச் சொன்னாள். பொடிசு புத்தகத்தைத் திறந்தால் வாயடைத்துப்போவதைச் சொன்னாள். “என் பொண்ணுக்கு நான் பண்ணதையேதான் நீங்க இதுங்களுக்குப் பண்ணியிருக்கீங்க மேடம். சும்மா தீனி மட்டும் போட்டுட்டு என்னால போக முடியல. இதுங்க தேறுமான்னு பார்க்கணும்னு இருந்துச்சு. இதுங்க தேறினா அவளும் தேறுவான்னு ஒரு நப்பாசை. வேலையை விட்டு அனுப்பிடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆனது ஆனதுதானா? ஒண்ணும் பண்ண முடியாதா?”

பேராசிரியர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“எலி வேற, பொண்ணு வேற. அதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. உங்க பொண்ணு மெதுவாப் படிக்கிறதுக்கு ஈயம்தான் காரணமான்னு யாராலயும் இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. அப்ப வயித்துல போனதை இன்னிக்கு அளந்து பார்க்கவும் முடியாது. ஆனா இன்னிக்கு ரத்தத்துல ஏதாவது இருக்கான்னு பார்த்துடலாம். கடை பக்கத்துலயே வளர்ந்த பொண்ணு. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.”

“சரி மேடம்.”

“இன்னொண்ணு.” பேராசிரியர் ஓர் அட்டைக் குழாயைக் கையில் எடுத்து உருட்டினார். “விளையாட இடமும் தொட்டுப் பேச ஆளும் இருந்தா இந்த மாதிரிக் குட்டிங்க நிறைய மீண்டு வரும்னு எங்களுக்கு முன்னாடியே சில பேர் பார்த்திருக்காங்க. நான் படிச்சிருக்கேன். என் திட்டத்துல அதைச் சேர்க்கத்தான் தோணல. நீங்க பண்ணதை நான் எங்கயும் கணக்குல காட்ட முடியாது. பாழாப்போன பரிசோதனை. ஆனா அந்த மஞ்சள் குட்டிங்க ஓடினது பொய் இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் எலியக்கா மேலங்கியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடவே ஸ்டாப்வாட்சும் அழுதாள். அவள் அழுதது வேறு காரணத்துக்கு.

வேலை போகவில்லை. தண்டனை மட்டும் கிடைத்தது. அடுத்த பரிசோதனையில் நாலு கூட்டம். ஈயக் குட்டிகளில் பாதிக்குக் குழாயும் கொஞ்சலும், பாதிக்கு ஒன்றும் கிடையாது. மற்றக் குட்டிகளிலும் அப்படியே. கொஞ்ச வேண்டிய கூண்டுகள் எலியக்காவின் பொறுப்பு. கொஞ்சக் கூடாத கூண்டுகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. அவை இருக்கும் அறையின் சாவி ஸ்டாப்வாட்சின் கழுத்தில் நேரமானியோடு சேர்ந்து தொங்கும்.

“எல்லாம் முடிஞ்ச பிறகாவது அதுங்களுக்கும் குழாய் குடுக்கலாமா மேடம்?” என்று அப்போதும் அவள் கேட்டாள்.

“குடுங்க” என்றார் பேராசிரியர். “அது வரைக்கும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தீங்க, பார்த்துக்கோங்க.”

மறுநாள் காலை எலியக்கா பொடிசைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியா அது! நுழைந்தவுடன் நாலு பக்கமும் நாலு நடை. ஒவ்வொரு நடையிலிருந்தும் கிளை கிளையாகப் பிரிந்தது. எல்லாச் சுவரும் ஒரே வெளிர்பச்சை. வாசலில் இருந்த காவலாளி, “நேராப் போய் சோத்துக்கை பக்கம் திரும்பி, மறுபடி நேரா” என்று கையை வீசினார். நேராகப் போய்த் திரும்பினால் எக்ஸ்ரே அறை. அங்கே கேட்டால் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் கேட்டால் கீழே போகச் சொன்னார்கள். ஒரு நடையின் கடைசி வரை போனால் பூட்டிய கதவு. எலியக்காவுக்கு வேர்த்துக்கொட்டியது. மனசு பூராவும் ரத்தத்தில் என்ன இருக்குமோ என்ற பயத்திலேயே கிடந்ததால், பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி சுற்றி வந்தாள்.

“அம்மா, இந்த நாற்காலியை மூணாவது தடவையாப் பார்க்கிறோம்” என்றாள் பொடிசு.

“சும்மா வாடி. வழி தெரியாம அம்மாவே தவிச்சுட்டிருக்கேன்.”

பொடிசு சும்மா வரவில்லை. கையை உருவிக்கொண்டு நின்றுவிட்டாள். தலைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கிய பலகையைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் வாளியைத் தேடும்போது வைத்துக்கொள்கிற அதே முகம். உதடு அசைந்தது.

“இ… ர… த்… த…” ஒரு மூச்சு விட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “இரத்தப்… பரி… சோ… தனை.” பிறகு முழுசாக ஒரே வீச்சில், “இரத்தப் பரிசோதனை! அம்மா, அம்புக்குறி அந்தப் பக்கம் போகுது!”

எலியக்கா அசையாமல் நின்றாள். யாரும் தாள் கொடுக்கவில்லை, யாரும் பரிசு வைக்கவில்லை, அப்பா பக்கத்தில் நின்று சப்புக்கொட்டவும் இல்லை. வீட்டில் ஒட்டாத வார்த்தை அது. இவ்வளவு நீளமான வார்த்தையை அவள் பிள்ளை வாசித்துவிட்டாள்.

பொடிசு அதற்குள் ஓடியாயிற்று. முட்டுச்சந்துக்கு வந்தால் நின்றாள், பலகையைப் பார்த்தாள், உதடை அசைத்தாள், திரும்பி ஓடினாள். எலியக்கா மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினாள். கடைசியில் ஒரு கதவின் முன்னால் போய் நின்றார்கள். அந்தக் கதவிலும் அதே வார்த்தை இருந்தது. பொடிசு விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு தடவை வாசித்துச் சரிபார்த்துவிட்டு, அம்மாவிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

“வாசிச்சுட்டேன்ல? பரிசு குடு.”

எலியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உள்ளே ஊசி இருக்கிறது, அதன் முடிவு என்ன சொல்லுமோ தெரியாது, வருடக் கடைசி இன்னும் பாக்கி இருக்கிறது. எல்லாம் இருக்கட்டும் என்று தோன்றியது. என் பிள்ளைக்கு வழி தெரிகிறது. கைப்பையைத் துழாவினாள். நல்லவேளை, வீட்டு டப்பாவில் வறுத்த விதை கொஞ்சம் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பொடிசின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

பொடிசு வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். “கை கழுவல! நீ எல்லாக் கதவையும் தொட்ட. நான் பார்த்தேன்.”

“இங்க எங்கடி போய்க் கை கழுவறது?”

பொடிசு அண்ணாந்து கூரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இந்தத் தடவை எழுத்துக் கூட்டவில்லை. “கை கழுவும் இடம்” என்று படித்துவிட்டு, “வாம்மா, இந்தப் பக்கம்” என்று அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.